படகில் வந்தவர்களுக்கு எந்தக் கதவு? 2025 சட்டமும் முகாம் மக்களும்

செப்டம்பர் 7, 2025 (கேட்டவர்)

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் இந்த மாதம் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்துவிட்டது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். எல்லையை ஒழுங்காகக் காத்து, ஆவணம் இல்லாதவர்களை உடனே திருப்பி அனுப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கருத்து. இலங்கைத் தமிழர் முகாம்களும் இதில் அடக்கம்தானே? போர் முடிந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. மாற்று யோசனை இருந்தால் சொல்லுங்கள். ஆவேசம் வேண்டாம்.

செப்டம்பர் 7, இரவு (பதில்)

ஆவேசப்பட எனக்கு வயதில்லை. நேராக வருகிறேன்.

எல்லைக் காவல் என்பது இனி வரப்போகிறவர்களைப் பற்றிய பேச்சு. முகாம் என்பது வந்துவிட்டவர்களைப் பற்றியது. 1983 ஜூலை தொடங்கி 2012 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படகேறி இங்கே வந்தார்கள். 1995க்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரும்பிப் போனார்கள். அப்புறமும் வந்தார்கள், போனார்கள். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாடகை வீட்டில் இருப்பவர்கள் முப்பதாயிரத்துச் சொச்சம். இவர்களில் கணிசமானோர் இங்கேயே பிறந்தவர்கள். தனுஷ்கோடியில் எவ்வளவு உயரமாக வேலி போட்டாலும், அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு வழியாக வந்தவரை அது எப்படித் தடுக்கும்?

செப்டம்பர் 8

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு மாவட்டத் தலைநகரில் மனு எழுதித் தருகிறவன். முதலில் தட்டச்சு, இப்போது லேப்டாப், அதே மரத்தடி. பக்கத்தில் இரண்டு முகாம்கள் இருப்பதால் அந்த மக்களின் மனுக்கள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. வழக்கறிஞர் இல்லை. ஆனால் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் பேனா நிற்கும் என்று தெரியும்.

புதுச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 1920ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம், 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம், 2000ஆம் ஆண்டின் போக்குவரத்து நிறுவனங்களின் பொறுப்புச் சட்டம், இந்த நான்கையும் நீக்கிவிட்டு ஒன்றாக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். நான்கு சட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் அகதி என்றொரு வகையே அதில் இல்லை. சுற்றுலா வந்தவர், படிக்க வந்தவர், உயிருக்குப் பயந்து படகேறியவர் எல்லோரும் ‘வெளிநாட்டினர்’. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, சரி. உள்நாட்டில் ஒரு சட்டம் போட்டுக்கொள்ள அது தடையில்லையே. சசி தரூர் 2015இல் ஒரு புகலிட மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், 2022இல் மறுபடியும். தனிநபர் மசோதாக்களுக்கு வழக்கமாக நேர்வதுதான் அதற்கும் நேர்ந்தது: நிறைவேறவில்லை.

செப்டம்பர் 10

“இங்கே பிறந்தால் இந்தியர்தானே, அப்புறம் என்ன சிக்கல்” என்று கேட்டவருக்கு.

1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்னும் இறுக்கம்: ஒருவர் குடிமகனாக இருந்தால் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது.

1984இல் வந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவன் 1986இல் பிறந்தான், இளையவள் 1988இல். ஒரே தாய், ஒரே முகாம், ஒரே மருத்துவமனை. சட்டப்படி அண்ணன் இந்தியன், தங்கை வெளிநாட்டவர். அதிலும் அந்த அண்ணனிடம் போய் “நீ இந்தியக் குடிமகன்” என்று எந்த அலுவலகமும் சொல்லியிருக்காது. தங்கையோடு சேர்ந்து அவனும், முகாமில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் தணிக்கை வரிசையில் நிற்பான்.

கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் அவருக்குச் சாதகமாக ஆணை வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். பிறந்த நாளிலேயே கிடைத்துவிட்ட உரிமை கைக்கு வர 36 வயதாகியிருக்கிறது. இந்த ஒரு வகைக்குப் புதுச் சட்டமே தேவையில்லை. பிறப்புப் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எடுத்தால் போதும்.

செப்டம்பர் 11

மேலே சொன்னதில் மூன்றாவது வகையை வேகமாகக் கடந்துவிட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. முகாம் பையன், உள்ளூர்ப் பெண், காதல், கல்யாணம். இப்போது சாதாரணமாக நடக்கிறது. குழந்தை 2006இல் பிறக்கிறது. அம்மா இந்தியர், அம்மாவின் அம்மா இந்தியர், ஏழு தலைமுறையும் இதே தாலுகா. அப்பா படகில் வந்ததால் அவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. ஆகவே பிள்ளை பிறப்பால் இந்தியர் இல்லை.

இப்படியொரு பிள்ளைக்குக் கல்லூரிப் படிவம் நிரப்பினேன். குடியுரிமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, “அம்மா பக்கம் பார்த்து எழுதுங்க அண்ணா” என்றது. எழுதவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினோம். அது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன்.

செப்டம்பர் 15

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

புதுச் சட்டம் அமலுக்கு வந்த கையோடு உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு ஆணையும் போட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான பிரிவுகள் பொருந்தாது. கேள்வி கேட்ட நண்பருக்கு இதிலேயே ஒரு பதில் இருக்கிறது: முகாம்காரர்கள் ஐந்து ஆண்டுச் சிறையில் ‘அடக்கம்’ இல்லை. மத்திய அரசே அவர்களை வெளியே எடுத்துவிட்டது.

இதைப் பெரிய வெற்றியாகச் சிலர் கொண்டாடினார்கள். வெறும் கண்துடைப்பு என்று சிலர் தள்ளினார்கள். இரண்டும் அவசரம். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு 2015 செப்டம்பரில் இதே மாதிரிதான் ஒரு விலக்கு கொடுத்தார்கள். 2016இல் ஆப்கானிஸ்தானைச் சேர்த்தார்கள். அப்போது அது குடியுரிமை இல்லை, கைது செய்ய மாட்டோம் என்ற உறுதி மட்டும். பிறகு 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, ‘இந்த விலக்குப் பெற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட மாட்டார்’ என்று ஒரு வரி சேர்த்தார்கள். 2024 மார்ச்சில் விதிகள் வந்தன. விண்ணப்பம் திறந்தது.

படிகளைக் கவனியுங்கள். விலக்கு, அப்புறம் அந்த ஒரு வரி, அப்புறம் விதிகள். இலங்கைத் தமிழர் விஷயத்தில் முதல் படி இப்போது வந்துவிட்டது. இரண்டாவது படி அந்த ஒரு வரிதான். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப் பதிவோ 6ஆம் பிரிவு இயல்புரிமையோ (நீண்டகாலம் வசித்ததை வைத்து வாங்குவது), இரண்டு வாசலிலும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பூட்டுத் தொங்குகிறது. 2003 திருத்தம் போட்ட பூட்டு அது. அதை எடுத்துவிட்டால் மற்ற நிபந்தனைகளெல்லாம் ஏற்கெனவே இருப்பவைதான். இத்தனை ஆண்டு வசித்திருக்க வேண்டும், நடத்தை சரியாக இருக்க வேண்டும், எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். சலுகை கேட்கவே தேவையில்லை.

தில்லிக்குப் போகும் தீர்மானங்களில் ‘இரட்டைக் குடியுரிமை’, ‘அனைவருக்கும் குடியுரிமை’ என்று பெரிதாகக் கேட்கிறார்கள். இரட்டைக் குடியுரிமையை நம் சட்டம் யாருக்கும் கொடுப்பதில்லை. கிடைக்காததைக் கேட்டுக்கொண்டே இருந்தால் கொடுக்காதவருக்கும் வசதி, கேட்பவருக்கும் வசதி.

செப்டம்பர் 16

“2015 ஜனவரி 9 என்ன கணக்கு?” என்று கேட்கிறார்கள். ஆணையில் காரணம் இல்லை. இலங்கையில் ராஜபக்ச தோற்று சிறிசேன பதவியேற்ற நாள் அது. அத்தோடு பயந்து ஓடிவரக் காரணம் தீர்ந்தது என்று யாரோ ஓர் அதிகாரி முடிவு கட்டியிருக்கலாம். ஊகம்தான்.

செப்டம்பர் 21

சரி, எல்லைக்கு வருவோம். அதைப் பேசாமல் நழுவுகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

2022 மார்ச்சில் இலங்கையில் டீசலும் பால்மாவும் கிடைக்காமல் போனபோது மறுபடியும் படகுகள் வந்தன. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் முப்பது கிலோமீட்டர்தான். படகோட்டிகள் கரைவரை வருவதில்லை. அரிச்சல்முனைக்கு அப்பால் ஏதோ ஒரு மணல்திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிட்டு, “அந்தா தெரியுது பார் இந்தியா” என்று காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கடலோரக் காவல் படை ஹோவர்கிராஃப்டில் போய் மீட்டது. முதலில் வந்தவர்கள் மீது வழக்குப் போட்டு ரிமாண்ட் செய்தார்கள். பிறகு மண்டபத்தில் தங்கவைத்தார்கள். விலக்கு ஆணையின் தேதிக்குப் பிறகு வந்தவர்கள் என்பதால் இவர்களுக்கு அந்த முதல் படிகூடக் கிடையாது.

நல்ல எல்லை மேலாண்மை என்றால் ஆள் வரும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது. கைரேகை, புகைப்படம், மருத்துவச் சோதனை முதல் நாளே. ஏன் வந்தார் என்று பயிற்சி பெற்ற ஓர் அலுவலர், தமிழ் தெரிந்தவர், உட்கார்ந்து கேட்டு மூன்று மாதத்துக்குள் ஒரு பதில். பதில் ‘இல்லை’ என்றால் மேல்முறையீடு ஒரு தடவை, அப்புறம் திருப்பி அனுப்பு. ‘ஆம்’ என்றால் ஓர் அட்டை, வேலை செய்யும் உரிமை, புதுப்பிக்கும் தேதி. இதில் இளகிய மனசுக்கு வேலையே இல்லை. இழுத்தடிப்பதுதான் இளகிய மனசை விட அதிகச் செலவு. நாற்பது ஆண்டாக ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு அரசு பணம் கட்டிக்கொண்டிருக்கிறது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைக்கு 500 என்று 2021இல் மாநில அரசு உயர்த்தியது. 7,469 வீடுகள் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. ஒழுகாத கூரை சின்ன விஷயம் இல்லை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடு குடியிருப்பவர் பெயரில் இல்லை. சொந்தமாக வாங்கலாம் என்றாலும் இலங்கைக் குடிமக்கள் இங்கே ரிசர்வ் வங்கி அனுமதியில்லாமல் நிலம் வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைதான்.

கிளைக்கதை ஒன்று. இதே கடலில் பாஸ்போர்ட் கேட்காத இடமும் இருக்கிறது. கச்சத்தீவு. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில், அங்கே போகும் இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ வாங்கத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு இரண்டு கரை மக்களும் வருகிறார்கள். பெயர்ப்பட்டியல், படகுப் பதிவு, சோதனை எல்லாம் உண்டு. ஆக, இரண்டு அரசுகளும் நினைத்தால் ஒழுங்கும் காக்கலாம், ஆளையும் விடலாம். புனிதருக்குச் செல்வாக்கு அதிகம், அவ்வளவுதான்.

செப்டம்பர் 28

“போர் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகட்டுமே.” போகலாம். போக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், வயதானவர்கள் முக்கியமாக. ஆனால் வருவதைவிடப் போவதற்குத்தான் அதிகக் காகிதம்.

வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும், எக்சிட் பர்மிட் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். விசாவில் வந்து காலம் கடந்து தங்கியவர் என்றால் அந்த அபராதக் கணக்கு தனி. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து இலங்கைக் குடியுரிமை வாங்க வேண்டும். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் இதில் நிறைய உதவியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, முகாம் அட்டையில் வேறு மாதிரி இருக்கும். அதைத் திருத்துவதற்கே என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். எனக்கு வருமானம். நாட்டுக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

இத்தனையும் முடித்து 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு ஒரு முதியவர் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்கினார். அங்கே கைது செய்தார்கள். அந்தக் காலத்தில் முறையான ஆவணமில்லாமல் இலங்கையை விட்டு வெளியேறியது குற்றமாம். குண்டு விழுந்தபோது இமிகிரேஷன் கவுன்டரில் முத்திரை வாங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்! எதிர்ப்புக் கிளம்பியது, பிணை கிடைத்தது. ஆனால் அந்தச் செய்தி முகாம்களில் செய்த வேலையைப் பிணை அழிக்கவில்லை. போக நினைத்து மனு எழுதியவர்களில் சிலர் “அண்ணா, கொஞ்சம் நிறுத்தி வையுங்கோ” என்றார்கள்.

இந்தியா கேட்க வேண்டியது இதைத்தான்: முகாம் பதிவுள்ளவர் திரும்பும்போது வெளியேறிய குற்றத்துக்கு வழக்கு இல்லை என்று இலங்கை எழுத்தில் தரட்டும். நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. அதில் இவர்களுக்குச் சாமான் கட்டணம் இல்லாமல் விடட்டும். நாற்பது ஆண்டுக் குடித்தனத்தை விமானப் பெட்டியில் அடக்க முடியாது. தையல் மெஷினை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று ஒரு அம்மா நிற்கிறார். அவர் பக்கம்தான் நான்.

அக்டோபர் 4

மலையகத் தமிழரை, அதாவது இலங்கைத் தோட்ட வேலைக்கு இங்கிருந்து போனவர்களின் வழிவந்தவர்களை, மறந்துவிட்டேனா என்று ஒரு கேள்வி. மறக்கவில்லை, தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

1964 அக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரையும் கேட்கவில்லை. இப்படி வகுத்த கணக்கில் இந்தியாவுக்கு வந்து சேராமல் விட்டுப்போனவர்கள் கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய், அங்கிருந்தும் துரத்தப்பட்டு, 1983க்குப் பிறகு படகேறினார்கள். இப்போது முகாமில் இருக்கிறார்கள். தாத்தா புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ பிறந்தவர். பேரன் அதே திருச்சியில் வெளிநாட்டவர்.

2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இவர்கள் பக்கம் உள்ள நியாயத்தை எடுத்துச் சொல்லி, மனுக்களை 16 வாரத்துக்குள் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். பரிசீலிக்கச் சொன்னார், கொடுக்கச் சொல்லவில்லை. மனு எழுதுகிற எனக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இவர்கள் இருநாட்டு ஒப்பந்தப்படி ஏற்கெனவே இந்தியா கணக்கில் எடுத்துக்கொண்ட தொகையைச் சேர்ந்தவர்கள். இவர்களுக்குப் புகலிடச் சட்டம் எதற்கு? பழைய பாக்கியைத் தீர்த்தால் போதும்.

அக்டோபர் 12

பாதுகாப்பு. இதைக் கிண்டலாகத் தள்ளிவிட மாட்டேன். 1991 ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு தமிழ்நாட்டின் மனநிலை எப்படி மாறியது என்று பார்த்தவன் நான். இந்த ஆண்டு மே 19 அன்று உச்ச நீதிமன்ற அமர்வு, உலகெங்கும் உள்ள அகதிகளை ஏற்க இது தர்மசாலை இல்லை என்று ஓர் இலங்கைத் தமிழரின் மனுவில் சொன்னது. அந்த மனுதாரர் உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவர். அந்த வழக்கை வைத்து 58,000 பேரை எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முகாம்காரர்களைப் போல அரசுக்குத் தெரிந்த மனிதர்கள் இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. வருவாய்த் துறையிடம் ஒரு பதிவு, காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவிடம் ஒரு பதிவு. தணிக்கை நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். பெயின்ட் வேலைக்கு வெளி மாவட்டம் போனவர்கள் அதற்காகவே ராத்திரி பஸ் பிடித்து வருகிறார்கள். முப்பது ஆண்டு இப்படிச் சரிபார்த்த பிறகும் ஆளைத் தெரியவில்லை என்றால், தெரிந்துகொள்ளவே முடியாது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் எதிர்ப்பு எனக்கு அதைவிடக் கனமாகத் தெரிகிறது. எல்லோரும் இந்தியராகிவிட்டால் இலங்கையின் வடக்கு, கிழக்கில் தமிழர் எண்ணிக்கை குறையும், காணியும் தொகுதியும் போகும் என்று அங்கிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கவலை. ஆரம்பத்தில் எனக்கு எல்லோருக்கும் குடியுரிமை என்பதே நேரான வழியாகத் தெரிந்தது. இப்போது, எந்தக் கதவு என்று அவரவர் தேர்ந்தெடுக்க ஓர் அவகாசம் வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் வவுனியா தொகுதிக் கணக்குக்காக ஒரு பெண் கும்மிடிப்பூண்டியில் பாஸ்போர்ட் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

அக்டோபர் 19

“நீளமாகப் போகிறது, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள், சுருக்கமாக” என்கிறார் கேள்வியைத் தொடங்கியவர். அவருக்காக.

1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்களை முகாம் பட்டியலிலிருந்து பிரித்து, மாவட்ட ஆட்சியரே குடியுரிமையை உறுதிசெய்து கொடுக்கட்டும். தில்லிக்குக் கோப்பு போக வேண்டாம். விலக்கு ஆணை பெற்றவர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ விளக்கத்திலிருந்து எடுக்கும் அந்த ஒரு வரியைப் போடட்டும். அது வரும்வரை நீண்டகால விசா கொடுத்தால் வேலைக்கும் நடமாட்டத்துக்கும் வழி பிறக்கும். இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த பிள்ளையை இன்னொருவர் வந்த படகை வைத்துத் தள்ளும் விதி போகட்டும். அது முகாம் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்குமே. திரும்பிப் போகிறவருக்கு ஒரே ஜன்னல், இலங்கையிடமிருந்து வழக்கில்லா உறுதி. இனி வருகிறவருக்கு மேலே சொன்ன மூன்று மாத நடைமுறை.

எது முதலில் என்றால் முதல் சொன்னதே முதலில். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

அக்டோபர் 20

“மூன்று மாதம் என்பது கனவு, நம் ஊரில் சாதிச் சான்றிதழே அவ்வளவு ஆகும்.” ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம்.

நவம்பர் 2

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டதை, மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன். அவருடைய மாமா 1985இல் முகாமில் பிறந்தவர். வீட்டிலேயே பிரசவம், பிறப்புச் சான்றிதழ் இல்லை.

முதலில் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், முகாமின் பழைய குடும்பப் பதிவின் நகல், மூன்றிலும் பிறந்த தேதியும் ஊரும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் மேலே நகராதீர்கள், அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். அப்புறம் தாமதப் பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பம். முகாமின் பழைய பதிவேட்டில் குழந்தை பெயர் எந்த மாதம் சேர்க்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள், அது பெரிய பலம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘பிறப்பால்’ என்ற கட்டத்தைத்தான் குறிக்க வேண்டும், ‘பதிவால்’ என்பதை அல்ல. மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு வழக்கறிஞராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மனு எழுத என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் அப்பா பெயரை எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.